மந்திரி அணைத்த சூடம்

அதனால்தான் சொல்கிறேன், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கருப்பசாமி கோயிலுக்குச் பண்ணிய சத்தியத்திலிருந்து விடுபட அதை இறக்கி வைக்கப் போகிறவர்கள், சத்தியம் பண்ணியவர், வாங்கியவர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எண்பத்தாறு மாசியில் நான் ஒருவனை மட்டும் கூட்டிப்போய்ப் பட்ட பாடு போதும்.

எல்லாம் ஒரு விளையாட்டால் வந்தது. என் அண்ணன் மகன் செல்வம் பம்பாயில் படித்தபோது கற்றுக்கொண்டு வந்தான். பலகை கிடையாது, பகடை மட்டும்தான். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு அரண்மனை வேஷம் எடுத்துப் பேசுவார்கள். கூட இருப்பவனை யார் நயமாகக் கவிழ்க்கிறானோ அவனுக்குத்தான் ஜெயம். திருமங்கலத்தில் எங்கள் மொட்டை மாடியில், பட்டப்பகலில், மேஜை போட்டு ஆடினார்கள். காபி கொண்டுபோன நானும் நின்று பார்த்தேன்.

செல்வம் மந்திரி. என் மகன் பாண்டி பொக்கிஷக்காரன். மந்திரி பேச்சைக் கேட்டு ராஜாவின் கிரீடத்தை ஒளித்து வைத்தான், கதையில்தான்.

"காட்டிக் கொடுத்துர மாட்டியே மாப்ள?" என்று பாண்டி கேட்டான்.

செல்வம் நிஜச் சூடத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்தான். எங்கள் பக்கம் அதற்கு மேல் சத்தியமே கிடையாது. உடனே ராஜா பக்கம் திரும்பி, "அரசே, நான் யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டேன். இவன் தலைப்பாகை இன்னைக்கு ஏன் இம்புட்டு உப்பிக் கிடக்குன்னு மட்டும் கேளுங்க" என்றான்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாண்டி எழுந்துவிட்டான். "சூடத்துல பொய் சொல்றவனுக்கு என் தங்கச்சி கிடையாது."

என் மகள் வள்ளிக்கும் செல்வத்துக்கும் வைகாசியில் கல்யாணம் என்று அப்போதே பேசி முடித்திருந்தோம்.

அந்தச் சத்தியத்தை இறக்கி வைக்க, அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் செல்வத்தோடு கிளம்பினேன். மதுரையில் பஸ் மாறி மேலூர் வழியாக எழுபது கிலோமீட்டர், ஆளுக்கு ஏழு ரூபாய்.

"அது நான் பண்ணுன சத்தியம் இல்ல அத்தை, மந்திரி பண்ணுனது."

"மந்திரி யாரு, நீ யாருன்னு சூடத்துக்குத் தெரியுமாடா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கோயிலில் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். சத்தியம் பண்ணவும் அப்படித்தான், இறக்கவும் அப்படித்தான். எந்த இடமானாலும் செருப்புக் காலோடு பண்ணியது சத்தியத்தில் சேராது.

"சத்தியம் வாங்குன ஆளு எங்கத்தா?" என்றார் பூசாரி.

"வர மாட்டேன்னுட்டான் சாமி."

"அவரு கையால துன்னூறு பூசணும். நான் பூசி என்ன ஆகப்போகுது?"

மதுரை பஸ் ஸ்டாண்டில் செல்வம் தன் வீட்டுக்குப் போக, பரவை பஸ்ஸுக்குத் திரும்பினான். "வள்ளிக்கு வேற இடம் பாருங்க அத்தை" என்றான். வீட்டில் வள்ளி, "கோயில்ல கூட்டமாம்மா?" என்றாள். ஆவணியில் அவளை ராஜபாளையம் பக்கம் கட்டிக் கொடுத்தோம். எத்தனையோ கோயில் ஏறியிருக்கிறேன். இப்போதெல்லாம் சாமி முன்னால் நின்றால் கேட்க ஒன்றும் வருவதில்லை.

போகிறவர்கள் செவ்வாய், வெள்ளியில் போங்கள், மற்ற நாளில் பூசாரி இருக்க மாட்டார். சூடமும் தண்ணீரும் கையோடு கொண்டு போங்கள். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் நெருஞ்சிக் காடு, செருப்பில்லாமல் நடக்க முடியாது.

செருப்பு என்றதும்தான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு மாடித் தளம் கொதித்துக் கிடந்தது. எழுந்து நின்று சூடத்தை அணைத்தபோது, செல்வம் காலில் செருப்பு இருந்தது.