கலிமான் அண்ணியும் கனடாக்காரரும்

கோடையில் ஆடு மேய்க்க நாங்கள் மலையேறி வரும் சோங்-கோல் ஏரிக்கரையில் எந்தக் கூடாரம் நல்ல கூடாரம் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆளாளுக்கு முதலில் தங்கள் கூடாரத்தைச் சொல்வார்கள். அடுத்தது எது என்றால், யோசிக்காமல் கலிமான் கூடாரம் என்பார்கள். கரை முழுவதும் ஒருவரையே இரண்டாவதாகச் சொல்கிறது என்றால் முதலிடம் யாருக்கு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கலிமான் என் அண்ணன் மனைவி. நான் பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் இறந்தபோது அண்ணிக்கு நாற்பத்து நாலு வயது. மகன் எர்மெக் அப்போது பள்ளிக்கூடப் பையன். ஆட்டையெல்லாம் விற்றுவிட்டு ஊரோடு இருக்கும்படி உறவெல்லாம் புத்தி சொன்னது. அண்ணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் கணவாயில் பனி முழுதாக உருகும் முன்பே லாரியில் கம்பளிக் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு முதல் ஆளாக மேலே போய்ச் சேர்ந்தார். புத்தி சொன்னவர்கள் எல்லாம் பின்னால்தான் வந்தார்கள். சுற்றுலாக்காரர்கள் வர ஆரம்பித்ததும் அவர்களுக்கென்று இன்னும் இரண்டு கூடாரங்களைப் போட்டார்.

அண்ணிக்கு வேற்றுமொழி ஒரு சொல் தெரியாது. நான் கீழே கொச்கோர் ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் என்பதால் கோடை விடுமுறையில் மொழிபெயர்க்கப் போவேன். அண்ணி சொல்வதில் பாதி, 'ஏன் சாப்பிடல?' என்ற திட்டுதான். அதை மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை, கரண்டியை அவர் பிடிக்கிற விதத்திலேயே எல்லா நாட்டாருக்கும் புரிந்துவிடும்.

வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி எங்கள் கரையில் ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. அமெரிக்கர்களைப் பற்றி மட்டும் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம். சத்தம் ஜாஸ்தி. வண்டி கண்ணில் படும் முன்பே சிரிப்பு காதில் விழும். தெரியாதவனைப் பார்த்தும் பல்லைக் காட்டுவார்கள், எதைக் கொடுத்தாலும் சுத்தமானதா என்று முகர்ந்து பார்ப்பார்கள்.

"நாய் குரைச்சாக்கூட அதுகிட்ட சாரி சொல்றான் அண்ணி! மேல விழுந்து கடிச்சிருந்தா தேங்க்ஸ் சொல்லியிருப்பான்" என்பான் என் தம்பி மாம்பெத்.

"சொன்னா சொல்லிட்டுப் போறான். தின்ன தட்டை அவனே எடுத்துக் குடுக்குறான். நீ எடுத்துக் குடுத்திருக்கியா ஒரு நாள்?" என்பார் அண்ணி. மாம்பெத்துக்குக் குதிரையைப் பார்க்க வேண்டிய வேலை அப்போதுதான் ஞாபகம் வரும்.

போன ஜூலையில் எர்மெக்கின் கல்யாணப் பேச்சு ஒரு கட்டத்துக்கு வந்து நின்றது. பெண் பெகிமாய், நாரின்காரி. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெண்ணின் அப்பா தாயிர்தான் பிடி கொடுக்கவில்லை. நாரினுக்கும் பிஷ்கெக்குக்கும் டாக்ஸி ஓட்டுகிறவர், ரோஷக்காரர். "அப்பன் இல்லாத வீடு. அங்க பேச்சுக்கு யார் பொறுப்பு?" என்று நாலு பேரிடம் சொன்னது அண்ணி காதுவரை வந்துவிட்டது. கடைசியில், கூடாரத்துக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டு, வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் செய்தி அனுப்பினார். பிடித்தால் தேதி, பிடிக்காவிட்டால் அதோடு சரி. எர்மெக் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தாயிரும் அவர் மனைவி சைராவும் வந்த அன்று மத்தியானமே அண்ணி ஆட்டை அறுக்கச் சொல்லிவிட்டார். கறி கொதித்துக்கொண்டிருந்தபோது பிடித்தது ஆலங்கட்டி மழை. அது ஓயும் நேரத்தில், கணவாயில் வண்டி பழுதாகி, இரண்டு கிழங்களை ஒரு டிரைவர் அண்ணி வாசலில் கொண்டுவந்து விட்டான். உதிரிப்பாகம் வாங்கிக்கொண்டு மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். பெரியவர் ஹார்லன், எழுபத்தொன்பது வயது, நெட்டையான ஆள். மனைவி லோயிஸ். இரண்டு பேர் தொப்பியிலும் கனடாக் கொடியில் இருக்கும் சிவப்பு இலை குத்தியிருந்தது. கனடாவிலிருந்து வருவதாகச் சொன்னார்கள்.

சொல்லாமல் வரும் விருந்தாளியைக் கடவுள் அனுப்பிய விருந்தாளி என்போம். சம்பந்தியாகப் போகிறவரும் அந்த வழக்கத்தில் குறை வைக்கவில்லை. கிழவரின் வயதைக் கேட்டார், தன் வயது அறுபத்து மூன்று என்று ஒப்பிட்டுப் பார்த்தார். எழுந்து, வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் மேலிடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வயசுல மூத்தவர், தூரத்துலேர்ந்து வந்தவர். ஆட்டுத்தலை அவருக்குத்தான் வைக்கணும்மா" என்று அண்ணியிடம் பெருந்தன்மையாகச் சொன்னார். "கனடாக்காரங்க நல்ல ஜனம். இதுவே அமெரிக்காக்காரனா இருந்தா நான் பக்கத்துல உட்கார மாட்டேன். எழுந்து போய்க்கிட்டே இருப்பேன்."

"அப்படி என்ன பண்ணிட்டான் அமெரிக்காக்காரன்?" என்று மாம்பெத் வாயைக் கிண்டினான்.

"என்ன பண்ணலைங்கிறே? வண்டியில ஏறினான். 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டான். நானும் மனுஷன் அக்கறையா கேக்குறானேன்னு, ஆடு மாடு, பிள்ளைங்க, என் முட்டி வலின்னு ஆரம்பிச்சேன். திரும்பிப் பார்த்தா ஜன்னலுக்கு வெளியே போட்டோ எடுத்துக்கிட்டிருக்கான்! பதில் வேண்டாம்னா எதுக்குடா கேக்குற? அதுகூடப் போகட்டும். உட்கார்ந்ததும் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். முப்பது வருஷமா ஓட்டுறேன், என்னைப் பார்த்து! என்னை நம்பாதவன் என் வண்டியில ஏன் ஏறினான்?"

எங்கள் பக்கத்தில் பெல்ட் மாட்டுவது டிரைவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். சைராகூடத் தலையசைத்தாள். தன் பக்கத்தில் பேசப்படுவது என்னவென்று தெரியாமல் ஹார்லன் கூடாரமே அதிரும்படி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"கனடாக்காரங்களும் கொஞ்சம் சத்தமாத்தான் சிரிப்பாங்க போல" என்றார் தாயிர்.

லோயிஸின் செருப்பு நனைந்திருந்தது. காலுறை எடுத்துக்கொடுக்க அவளைப் பக்கத்துக் கூடாரத்துக்கு அழைத்துப் போனேன். கம்பளிக் காலுறையைப் போட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் கனடா இல்லையாம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்ற இடமாம். வெளியூர்களில் தங்களை யாருக்கும் பிடிப்பதில்லை, கனடா என்று சொன்னால் மரியாதை கிடைக்கும் என்று மகன் சொல்லி அனுப்பினானாம். இலையையும் அவனே வாங்கிக் கொடுத்தானாம். ஊர் ஊராக இதையே சொல்லிக்கொண்டு வருவது தன் கணவருக்குத் தொண்டையில் முள் மாதிரி இருக்கிறது என்றாள்.

 வெளி அடுப்பில் கறியை எடுத்துக்கொண்டிருந்த அண்ணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மாம்பெத்தும் பக்கத்தில் நின்றிருந்தான்.

"அதனால என்ன? கனடான்னே இருந்துட்டுப் போகட்டும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்தானே!" என்றான் அவன். "இன்னிக்கு ஒரு நாள் கண்டுக்காதீங்க அண்ணி. எர்மெக் முகத்தைப் பாருங்க."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் மேலிடத்தில் இருப்பவர் முன்னால் மரியாதைக்கு ஆட்டுத்தலையை வைக்கும்போது இன்னார், இன்ன ஊர் என்று கூடாரத்துக்காரர் வாயால் சொல்லித்தான் வைக்க வேண்டும். அண்ணன் இருந்தவரை அவர் சொல்வார். அவருக்குப் பிறகு அண்ணிதான். மாம்பெத் சொல்ல முன்வந்த வருஷத்தில்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அண்ணி எர்மெக்கைப் பார்த்தார். அவன் கைகழுவ வெந்நீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தான்.  பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஊர் பேர் என்ன சொன்னே?"

"நெப்ராஸ்கா."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு தலை வைத்த தட்டைத் தூக்கினார்.

"அண்ணி, வேண்டாம்!" என்றான் மாம்பெத். அவர் அதற்குள் வாசல் திரையைத் தாண்டிவிட்டார்.

உள்ளே எல்லாரும் கைகழுவிக் காத்திருந்தார்கள். அண்ணி கிழவர் முன்னால் மண்டியிட்டுத் தட்டை வைத்தார். நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பெரியவர் ஹார்லன். ஊர் நெப்ராஸ்கா. அமெரிக்கா."

தன் ஊரின் பெயரைக் கேட்டதும் கிழவர் காதுவரை சிவந்துபோனார். லோயிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். எர்மெக் கையிலிருந்த செம்பு சாய்ந்து வெந்நீர் விரிப்பில் கொட்டியது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் தாயிரையே பார்த்தோம்.

தாயிர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"கனடான்னு சொன்னாரே?"

"சொன்னார்" என்றார் அண்ணி. "உங்களை மாதிரி ஆளுங்களுக்குப் பயந்து சொல்லியிருக்கார். என் கூடாரத்துல யாரும் தன் அப்பன் ஊரை மறைச்சுக்கிட்டுச் சாப்பிட வேண்டாம். நீ அதை அப்படியே அவருக்குச் சொல்லும்மா."

சொன்னேன்.  பயம் பாதி, மீதி என்னவென்று உங்களுக்கே தெரியும். ஹார்லன் தொப்பியைக் கழற்றி இலையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொய் சொல்லி இந்த வீட்டில் உட்கார்ந்ததற்கு வெட்கப்படுவதாகச் சொன்னார். எங்களை யாருக்கும் பிடிக்காது, சத்தக்காரர்கள் என்பார்கள் என்று மகன் சொன்னதால் அப்படிச் செய்துவிட்டேன் என்றார்.

"பிடிக்காதுன்னு யார் சொன்னது?" என்றார் தாயிர், அதட்டலாக.

 சைரா கணவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். தாயிர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, அவர் அப்பன் பேரெல்லாம் கேளு" என்றார் என்னிடம்.

எங்களில் பேசத் தெரிந்த குழந்தைகூட ஏழு தலைமுறை அப்பன் பேரைச் சொல்லிவிடும். ஹார்லன் விரலை மடக்கினார். அப்பா வால்டர். அவர் அப்பா எமில். அவருக்கு அப்பா அன்டன், அவர்தான் கப்பலில் வந்தவர். அதற்கு மேல் தெரியாது.

"மூணுதானா? மிச்ச நாலு பேரையும் கடல்லயே விட்டுட்டு வந்துட்டாங்களா?" என்றார் தாயிர். மாம்பெத் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். மொழிபெயர்த்ததும் ஹார்லனும் சிரித்தார், பழைய சத்தத்தோடு. தாயிர் சிரிக்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

"சாப்பிட்டு, சந்தோஷமா தேதி குறிச்சுக் குடுத்துட்டுப் போயிருப்பேன்."

"போயிருப்பீங்க."

"அது தெரிஞ்சுமா சொன்னீங்க? உங்க மகன் கல்யாணம்மா இது."

"ஆமா, என் ஒரே மகன்" என்றார் அண்ணி.  "அப்பன் இல்லாத வீடு, பேச்சுக்கு யார் பொறுப்புன்னு கேட்டீங்களாம். நான்தான் பொறுப்பு. நாளைக்கு உங்க பொண்ணு இங்க வந்தா, டாக்ஸிக்காரன் மகள்னு ஒருத்தன் இளக்காரமா சிரிக்கலாம். அன்னிக்கு அவகிட்ட, அப்பா பேரைச் சொல்லாதேன்னு நான் சொல்ல மாட்டேன். அதை நீங்க என் வாயால கேட்டா நம்ப மாட்டீங்க. அதான் கண்ணால பார்க்க விட்டேன். இப்ப எழுந்து போறதுன்னா போங்க, எனக்கு வருத்தம்தான். ஆனா வெட்கமில்லை."

சைரா தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாயிர் கீழே வைத்த கத்தியை எடுத்தார். அதைத் துடைத்து, கைப்பிடிப் பக்கமாகத் திருப்பி, தலையை வெட்டுவதற்காக ஹார்லனிடம் நீட்டினார்.

"எடுத்துக்குங்கண்ணே" என்றார், எங்கள் மொழியிலேயே.

பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். "செப்டம்பர் கடைசியில, ஆடெல்லாம் கீழே இறங்கினதும் வச்சுக்கலாமா, சம்பந்தியம்மா?"

எர்மெக் அப்படியே விரிப்பில் உட்கார்ந்துவிட்டான், கொட்டிய வெந்நீர் மேலேயே.

"தேதியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அண்ணி. "தலை ஆறுது. முதல்ல பெரியவர் சாப்பிடட்டும்."