பாலம் கேட்ட பிள்ளை

எங்கள் அத்தை வலிய வந்து எனக்குத் தலை சீவிவிட்டாள் என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவின் தங்கை அவள். கல்யாணமாகாமல் தென்காசியில் எங்களோடு இருந்தாள். மற்ற நாளில் சீப்பைக் கேட்டாலே எரிந்து விழுகிறவள், அன்று பவுடர் போட்டு, மை தீட்டி, தலை நிறையப் பிச்சிப்பூவும் வைத்துவிட்டாள். "வாட்டி, பழைய பாலத்தைப் பாத்துட்டு வருவோம்" என்றாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற பாலத்தில் புதிதாகப் பார்க்க என்ன கிடக்கிறது?

சிற்றாற்றின் மேல் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அந்தக் கல்பாலத்தை அப்போதுதான் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். தூண் நிற்கவேண்டுமென்றால் ஒரு பிள்ளையைப் பலி கொடுக்கவேண்டும் என்று எங்கள் வகுப்பில் ஒரே பேச்சு. பாலத்துக்கு இந்தப் பக்கம் கோயில், தேர் ஓடுகிற வீதி, வேளை தவறாமல் விளக்கேற்றுகிற எங்கள் மாதிரி வீடுகள். அந்தப் பக்கம் குற்றாலம் போகிற ரோடு. லாட்ஜ், பழக்கடை, உடம்பெல்லாம் எண்ணெயோடு துண்டைக் கட்டிக்கொண்டு திரிகிற சீசன் கூட்டம். பிள்ளை பிடிக்கிறவன் அந்தப் பக்கமிருந்துதான் வருவான் என்பதில் எங்கள் வீதிக்குச் சந்தேகமே கிடையாது.

பாலத்தில் ஒருவர் காத்துக்கொண்டு நின்றார். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. எதிர்க்கரைப் பழக்கடையில் நான் பார்த்திருக்கிற ஆள்தான். என் கையில் ஒரு மங்குஸ்தான் பழத்தைத் திணித்தார். சரிதான், வெட்டப்போகிற கிடாய்க்குத் தின்னக் குழை காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பழத்தை விடவில்லை; ருசியாக இருந்தது.

"இந்தப் பிள்ளைய எதுக்குக் கூட்டிட்டு வந்தே?" என்று அத்தையிடம் கேட்டார்.

"இவ கூட வந்தாத்தான் வீட்டுல விடுதாவ. நீங்க இன்னைக்கே முடிவச் சொல்லுங்க. இனிமே என்னால நாளத் தள்ள முடியாது."

என் முடிவைத்தான் கேட்கிறாள், பாவி!

அந்த நேரம் பார்த்துச் சாரல் விழுந்தது. கடையம் பக்கத்தில் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். கிடாய்க்கு மாலை போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம் அரிவாள்தான். என் தலையில் பூ இருக்கிறது, மேலே தண்ணீரும் விழுந்துவிட்டது. இனி நான் சிலிர்க்கக்கூடாது, அவ்வளவுதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு விறைத்து நின்றேன். சாரல் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. அவர்களோ பேச்சை முடிக்கிற வழியாக இல்லை. அவர் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தையை மட்டும் பார்க்கவில்லை.

கடைசியில், "வேண்டாம். எங்கம்மா உசுர விட்டுருவா. என்னால முடியாது" என்றார்.

அப்பாடா! அதுவரை அடக்கிவைத்திருந்த நடுக்கத்தையெல்லாம் சேர்த்து உடம்பை ஒரு உதறு உதறினேன். முகம் தெரியாத அந்த அம்மா நல்லாயிருக்கட்டும், பிள்ளைகளைக் கொல்லச் சம்மதிக்காத புண்ணியவதி என்று மனதுக்குள் வாழ்த்தினேன்.

திரும்பும்போது அத்தை வழியெல்லாம் அழுதாள். காரியம் கெட்டுப்போன கடுப்பு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அவருதான் வேண்டாம்னுட்டாருல்லா?" என்று குத்திக்காட்டினேன்.

"ஆமாட்டி, வேண்டாம்னுட்டாரு" என்று சொல்லி, முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். நான் தலையை இழுத்துக்கொண்டேன். வீட்டில் கேட்டதற்குக் கண்ணில் சாரல் அடித்துவிட்டது என்று பொய் சொன்னாள். என் சந்தேகம் இன்னும் இறுகியது. அதற்குப் பிறகு அவள் கொடுத்த எதையும் நான் தின்னவில்லை.

ஆவணியிலேயே அவளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளை. எங்கள் வீதி மாதிரியே ஒரு வீதி. மேடையில் அத்தை கழுத்து கொள்ளாத மாலையும் தலை கொள்ளாத பூவுமாக, குனிந்த தலை நிமிராமல் நின்றாள். யாரோ பன்னீர்ச் செம்பை எடுத்து அவள்மேல் தெளித்தார்கள். அவள் உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

"மாப்பிள்ளையப் பாத்து எப்படிச் சிலுக்குதா பாரு!" என்று பெண்கள் சிரித்தார்கள்.

அத்தைக்கும் சம்மதம்தான், உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லோரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன்.