பத்தாயிரம் டன் கோபம்

எம்.ஏ. கடைசி வருஷப் பரீட்சையில் ஒரு பெரிய கேள்வி வந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு வல்லரசுகள் கூடிச் செய்துகொண்ட கடற்படை ஒப்பந்தங்கள் ஏன் தோற்றன? நான் ஆறு பக்கம் எழுதினேன். வாஷிங்டனில் கூடி, அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஐந்து என்றால் ஜப்பானுக்கு மூன்று என்று பெரிய போர்க்கப்பல்களைப் பங்கு பிரித்து, மிஞ்சியதை உடைத்துப் போட்டார்கள். பத்து வருஷத்துக்குப் புதிதாகக் கட்டுவதில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். பத்தாயிரம் டன்னுக்கு உட்பட்ட சின்னக் கப்பல்களை மட்டும் எத்தனை வேண்டுமானாலும் கட்டலாம் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் என்ன, ஆளாளுக்குச் சரியாகப் பத்தாயிரம் டன்னில் கட்டித் தள்ளினார்கள். இந்த ஓட்டைகூடத் தெரியாத மடையர்களா என்று மதுரையில் உட்கார்ந்து சிரித்தவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

எண்பத்தைந்தில் கல்யாணமாகி ஹூஸ்டனுக்கு வந்தேன். அவர் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். "அங்க வந்து பிஎச்.டி. பண்ணட்டும்" என்று என் அப்பாவிடம் சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொண்டார். நானும் நாலைந்து இடத்துக்கு அப்ளை பண்ணினேன். மறு வருஷம் பிப்ரவரியில் அட்மிஷன் வந்தது. ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸிலிருந்து இல்லை, விமானம் ஏறிப் போக வேண்டிய நியூஜெர்சியிலிருந்து. வருகிறேனா இல்லையா என்று ஏப்ரல் கடைசிக்குள் எழுத வேண்டும்.

அந்தக் கவர் வந்த அன்று ஆரம்பித்தது சண்டை. எனக்கு வாய்த்ததோ மதுரைத் தொண்டை. அவரும் சளைத்தவரில்லை. கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள். ஒரு சனிக்கிழமை அபார்ட்மெண்ட் மேனேஜரே வந்து கதவைத் தட்டி, அவரைத் தாண்டி என்னைப் பார்த்து, பத்திரமாக இருக்கிறாயா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

"நாகரிகமா ஒரு ஒப்பந்தம் போட்டுக்குவோம்" என்றேன். மஞ்சள் தாளில் நானே எழுதினேன். குரலை உயர்த்தக் கூடாது. என் அப்பாவையும் அவர் அம்மாவையும் இழுக்கக் கூடாது. குழந்தைப் பேச்சை அவர் எடுக்கக் கூடாது. அது அவர் உடைத்துப் போட்ட கப்பல். பதிலுக்கு நானும் ஒன்றை உடைக்க வேண்டுமே? நியூஜெர்சிப் பேச்சை நான் எடுக்கக் கூடாது, அவராக எடுத்தால்தான் உண்டு என்று எழுதினேன். இரண்டு நாளில் எடுத்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. இருவரும் கையெழுத்துப் போட்டு, பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினோம். வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டவர்களுக்குக்கூட அன்று அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

ஒப்பந்தத்தை இருவரும் ஒரு எழுத்து மீறவில்லை. காபியைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைக்க ஆரம்பித்தேன். அதற்குத் தடை இல்லையே. அவர் பாதி குடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டுப் போனார். நான் குக்கர் மூடியைச் சற்று ஓங்கி வைத்தேன். அவர் டிவி சத்தத்தை ஒரு புள்ளி கூட்டினார். ரசத்தில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்த அன்று, முகம் சுளிக்காமல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அப்படி ஓர் ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

எங்கள் வீடுகளில் புருஷன் பெண்டாட்டி பேசாமலிருந்தால் நடுவில் யாராவது இருப்பார்கள். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லலாம். நாத்தனாரிடம் சாடை பேசலாம். அது காதில் விழும், பதில் வரும், சண்டை கரையும். ஹூஸ்டனில் எனக்கு யார் இருந்தார்கள்? நான் பிரிட்ஜைப் பார்த்து, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்பேன். அவரும் பிரிட்ஜைப் பார்த்து, "பசிக்கலை" என்பார். நடுவில் அந்த மஞ்சள் தாள். பகலெல்லாம் ஏசி ஓடும் சத்தம்தான். ஹில்கிராஃப்ட் தெரு இந்திய மளிகைக் கடையில் ஒரு ஆன்ட்டி "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டபோது என் குரல் கம்மிப்போய்த்தான் வந்தது. பேசி எத்தனை நாளாயிற்றோ.

ஏப்ரல் மூன்றாவது ஞாயிறு, எங்காவது போயாக வேண்டுமே என்று, ஊருக்கு வெளியே கால்வாயில் நிறுத்தியிருக்கும் பழைய போர்க்கப்பலைப் பார்க்கக் கூட்டிப் போனார். பீரங்கிக் குழாய்களுக்கு அடியில் நின்று, உடைக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று வாஷிங்டன் ஒப்பந்தத்தில் விட்டுவைத்த கப்பல்களில் இதுவும் ஒன்று என்பதை நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் சிரிக்கிறே?" என்றார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி.

சொன்னேன். ஐந்துக்கு மூன்று, பத்தாயிரம் டன், எல்லாம். அரை மணி நேரம் பேசியிருப்பேன். வெயிலில் நின்று கேட்டார்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ஜப்பான் விலகிக்கிறேன்னு நோட்டீஸ் குடுத்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடியே குடுக்கணும்னு ஷரத்து."

அவர் தலையாட்டினார். நான் விடவில்லை. "நானும் நோட்டீஸ் குடுக்கிறேங்க. ரெண்டு வருஷமெல்லாம் என்னால பொறுக்க முடியாது. கார்ல ஏறுற வரைக்கும்தான்."

ஃப்ரீவேயில் ஏறியதும் கேட்டேன். "நியூஜெர்சிக்கு என்ன பதில் எழுதறது? வாயில என்ன கொழுக்கட்டையா?"

வெடித்துவிட்டார். "போ! போய்ப் படி! உங்கப்பாகிட்ட நான் சொன்னது சொன்னதுதான். ஆனா நீ போயிட்டா இங்க நான் யார்கிட்ட பேசுவேன்? அதைச் சொல்லு!"

"இப்ப மட்டும் யார்கிட்ட பேசறீங்க?" என்று நானும் கத்தினேன்.

ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார். அழுகிறார் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. இந்த மனுஷனும் என்னோடு அதே வீட்டில்தான் தனியாக இருந்திருக்கிறார். எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலமே பதில் எழுதினேன். ஆகஸ்டில் நியூஜெர்சிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் பண்ணுவார். முதல் ஐந்து நிமிஷம் நலம் விசாரிப்பு, அப்புறம் சண்டை. தொண்டை கிழியக் கத்துவோம். ரூம்மேட் பயந்துபோய் எட்டிப் பார்ப்பாள். ஒரு வாரம் அவர் கத்தாமல் மெதுவாகப் பேசினார்.

எனக்குப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய மஞ்சள் தாள் ஞாபகம் வந்துவிட்டது. "ஏங்க, எதுக்காவது திட்டுங்களேன்" என்றேன்.