பிலோமினா அக்கா பெயரை வெட்டினார்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஓர் அரசியல்வாதியின் குரலாக இருந்தேன். சத்தியமாக!

நாங்கள் குடியேறியிருக்கும் இந்த வெளிநாட்டு நகரத்தில், மவுண்ட் ரோஸ்கில் தேவாலயத்தில் மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை நடக்கும். யாழ்ப்பாணம், மன்னார்க்காரர்கள்தான் அதிகம். மதுரைக்காரியான நான் அங்கே போவது பாதி பக்திக்காக, மீதி பூசை முடிந்ததும் ஹாலில் கிடைக்கும் மீன்குழம்புக்காக. (மறைக்க என்ன இருக்கிறது?) அன்றைக்கு ஒரு வேட்பாளர் வந்திருந்தார். கட்சிப் பெயர் வேண்டாம். ‘உண்மையான மக்கள் நாங்கள்தான், மற்றவர்கள் எல்லாம் மேல்தட்டு’ என்று பேசும் ரகம். பிள்ளைகளைப் பார்க்க விசாவில் வந்திருக்கும் பெரியவர்களுக்காகத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்றார் ஃபாதர். குதித்துக்கொண்டு போனேன்.

ஏன் என்கிறீர்களா? இந்த வகை வலதுசாரி அரசியல் பெண்ணையும் குடும்பத்தையும் எப்படிக் கையில் எடுக்கிறது என்று இரண்டு வருடமாக விழுந்து விழுந்து படிக்கிறேன். படித்த சமாச்சாரம் நேரில் வந்து நின்றால் விடுவேனா?

மேஜையைக் குத்திப் பேசும் ஓர் ஆணைத்தான் எதிர்பார்த்தேன். வந்தவரோ பெண். மூன்று குழந்தைகளின் தாய். சிரித்த முகம். மேடையில் ஏறாமல், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்களோடு எங்களாக உட்கார்ந்தார். “குடும்பம் என்றால் என்ன என்று இந்த நாட்டுக்கு உங்களைப் போன்றவர்கள்தான் சொல்லித்தர வேண்டும்” என்றார். நான் தமிழில் சொன்னதும் ஹாலே உருகிவிட்டது.

பிரமித்துப் போனேன். ஏனென்றால், அதே கட்சியின் துண்டுப்பிரசுரம் அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் தபால்பெட்டியில் கிடந்தது. ‘நம் பெண்களைக் காப்போம்.’ யாரிடமிருந்து? வெளியிலிருந்து வந்து குவிகிறவர்களிடமிருந்து... அதாவது, எங்களிடமிருந்து! ஒரு தெருவில் பெண்ணைக் காட்டி எங்களைத் துரத்துகிறார்கள். அடுத்த தெருவில் அதே பெண்ணைக் காட்டி எங்களை வீட்டுக்குள் கூப்பிடுகிறார்கள். என்ன ஒரு வித்தை!

பிறகு அவர் தன் கிளிப்போர்டைக் கேட்டார். நகரசபை நீச்சல்குளங்களில் பெண்கள் உடைமாற்றும் அறைக்குள், பிறக்கும்போது பெண் என்று பதிவானவர்கள் மட்டுமே போகலாம் என்று கேட்கும் மனு அது. கூட்டம் தொடங்கும் முன்னரே அவருடைய உதவியாள் அதை வாசல் மேஜையில் வைத்திருக்கிறார். பார்த்தால், மூன்று பக்கம் நிறைந்து கிடக்கிறது! அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. பக்கத்தைப் புரட்டியவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “இது என்ன, எல்லாருடைய பெயருக்குப் பக்கத்திலும் ஏதோ எழுதியிருக்கிறதே?”

எட்டிப் பார்த்தேன்.

‘பெரியாக்கள் 2, சின்னது 1.’ ‘4 பேர், ஒராள் மரக்கறி.’ ‘உறைப்பு வேண்டாம்.’

ஐயோ... எங்கள் ஹாலில் வாசல் மேஜையில் கிளிப்போர்டு இருந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு. வருகிறவர்கள் யாரும் தலைப்பை வாசிக்க மாட்டார்கள். பெயர், எத்தனை பேர், மீனா மரக்கறியா — எழுதிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். வருடக்கணக்கான பழக்கம்!

நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். மனு என்னவென்று பொறுமையாக விளக்கினார். “உடன்பாடு இல்லாதவர்கள் வந்து பெயரை வெட்டிவிடலாம், ஒரு வருத்தமும் இல்லை” என்றார். அதையும் தமிழில் சொன்னேன்.

சொல்லிக்கொண்டே பட்டியலைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் மூன்றாவது பெயர் பிலோமினா அக்காவுடையது.

பிலோமினா அக்கா மன்னார்க்காரர், முதியோர் இல்லத்தில் வேலை. ஒனிஹங்காவில் அவர் வீட்டில்தான் நான் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அவருக்கு இருபது வயதில் ஒரே பிள்ளை. பையன் என்று வளர்த்த பிள்ளை, இரண்டு வருடமாகப் பெண்ணாக வாழ்கிறாள். பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் தெரியும். பூசைக்கு வருகிறவர்களில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் அக்காவின் பெயர் அந்த மனுவோடு போய்விடும். வெட்டப் போனால் ஏன் என்று ஹாலே கேட்கும்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தனை பேர் பார்க்க யார் போவார்கள்?

சமையலறைக் கதவு திறந்தது. ஏப்ரனோடு அக்கா வந்தார். “பேனையைத் தாங்கோ.”

“என்ன பிலோமினா, சோறு காணாதெண்டு உன்ர பேரை வெட்டுறியோ?” என்றார் ராஜன் அங்கிள். ஒரே சிரிப்பு.

“சோறு கிடக்கு அண்ணை. உங்களுக்கு ரெண்டு பிளேட் கிடக்கு” என்றார் அக்கா. பெயரை வெட்டினார். ஒரு கோடு, அதன்மேல் இன்னொரு கோடு. திரும்பி எங்களைப் பார்த்தார். அக்காவுக்கு நல்ல ஆங்கிலம் வரும். ஆனால் தமிழில்தான் சொன்னார்.

“என்ர பிள்ளை ஏன் பூசைக்கு வாறேல்லை எண்டு கேக்கிறனீங்கள். அசைன்மெண்ட் எண்டு சொன்னனான். பொய். அவள் என்ர மகள். அவள் ஒண்டையும் ஒளிக்கேல்லை, நான்தான் அவளை ஒளிச்சு வைச்சனான். சின்னனில நல்லா நீந்துவாள். இப்ப ரெண்டு வருஷமா குளத்துப் பக்கம் போறேல்லை. ஆரும் ஏதும் சொல்லிப்போடுவினமோ எண்டு பயம். அவளைப் பார்த்து மற்றவை பயப்பிடுகினம் எண்டு இந்தக் கடுதாசி சொல்லுது.”

என்னைப் பார்த்தார். “அவவுக்குச் சொல்லு தங்கச்சி.”

சொன்னேன். ஒரு சொல் விடாமல்.

வேட்பாளர் எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “நாங்கள் உங்கள் பிள்ளையைச் சொல்லவில்லையே...” என்றார். உண்மையாகவே வருந்திச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கு அக்கா ஆங்கிலத்திலேயே திருப்பிக் கேட்டார். மூன்றே சொல். தமிழில் சொன்னால்: “அப்ப ஆரின்ர பிள்ளையை?”

இரண்டு வருடமாக நான் படித்த அத்தனையும் அந்தக் கேள்விக்குள் இருந்தது! ‘உங்களைச் சொல்லவில்லை’ — வெளியிலிருந்து வந்த எங்களிடமும் இதையேதான் சொல்கிறார்கள், இல்லையா? எப்போதும் வேறு யாரோ. பெயர் இல்லாத, முகம் இல்லாத யாரோ. முகம் உள்ள ஒருத்தி ஏப்ரனோடு வந்து நின்றதும் அவ்வளவு பெரிய வித்தையும் கலைந்துவிட்டது.

கைதட்டல் எல்லாம் இல்லை. ஒரு டீச்சர் போய்ச் சத்தமில்லாமல் தன் பெயரை வெட்டினார். பிறகு இன்னொரு குடும்பம். பலர் வெட்டவில்லை. ராஜன் அங்கிள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதர் சாப்பாட்டு மேஜையைச் சரிசெய்யப் போனார். அக்கா உள்ளே போய்ச் சோறு போடத் தொடங்கினார்.

கார் நிறுத்துமிடத்தில் அக்கா சாவியை இரண்டு முறை கீழே போட்டார். சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

“தங்கச்சி, நான் மகள் எண்டே சொன்னனான்?”

“ஆமாக்கா. மகள்னுதான் சொன்னீங்க.”

அக்கா காரில் ஏறி சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

“வீட்டில ‘பிள்ளை, பிள்ளை’ எண்டே சமாளிச்சுக்கொண்டு வாறன். இண்டைக்குத்தான் முதல்தரம் வாயில வந்தது” என்றார். “அவளுக்கு முன்னால ஒருநாளும் சொன்னதில்லை.”

அவள் வீட்டில்தான் இருந்தாள். ஒனிஹங்கா ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினேன்.