ஒன்று, மூன்று, நான்கு, ஆறு

கண்ணில் படுகிற வண்டி நம்பரை எல்லாம் இருபத்து நான்காக்கிப் பார்ப்பது என் பழக்கம். கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம். நான்கு எண்களையும் ஒரு முறைதான் எடுக்க வேண்டும். 2571 என்றால் ஐந்தும் ஏழும் பன்னிரண்டு, அதை இரண்டால் பெருக்கினால் இருபத்து நான்கு, மிச்சமிருக்கும் ஒன்றால் பெருக்கினாலும் அதே. ஏழாம் வகுப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கூடப் படித்தவள் ஒருத்தி சொல்லிக்கொடுத்தது. அந்த வருடம் பின்னக் கணக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விளையாட்டு மட்டும் நின்றுபோகவில்லை. ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரம். அதனால் நம்பர் சரியாக வந்தால் அந்த நாள் முழுசாக முடியும் என்று நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.

மகளுக்கு அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். உடையார்பாளையத்தை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்கிற பஸ் கிடையாது. ஆகவே வீட்டுக்காரர் அவளுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கினார். புதன்கிழமை நம்பர் பலகை மாட்டி வந்தது. 1346.

நின்ற இடத்திலேயே போட்டுப் பார்த்தேன். ஆறும் நான்கும் பெருக்கினால் இருபத்து நான்கு, ஆனால் மூன்றும் ஒன்றும் போக இடமில்லாமல் நின்றன. ஆறு மூன்று பதினெட்டு, நான்கு சேர்த்து, ஒன்று சேர்த்தால் இருபத்து மூன்று. எப்படிப் புரட்டினாலும் அந்த இருபத்து மூன்றுக்கே வந்து நின்றேன். ஒரு மணி நேரம் குறைகிறது. சிமெண்ட் ஆலைக்குப் போகிற சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே அவள் வண்டி ஓட்டிப் போவதற்கு ஆகும் நேரமும் கிட்டத்தட்ட ஒரு மணிதான்.

சாவியை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டேன். இருபத்து நான்கு வரவில்லை, இந்த வண்டி வேண்டாம் என்றேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய், எங்க வூட்டம்மாவுக்குக் கணக்கு வரலீங்க, வேறு நம்பர் கொடுங்க என்று கேட்கட்டுமா என்றார் வீட்டுக்காரர். மகள் சிரிக்கவில்லை. போனில் எதையோ தேடிவிட்டு வந்தாள்.

"விடை இருக்கும்மா. மூணை நாலால வகுத்தா முக்கால். ஒண்ணுல முக்கால் போனா கால். ஆறைக் காலால வகுத்தா இருபத்தி நாலு."

"வகுத்தா கொறையத்தானடி செய்யும். ஆறு எப்படி இருபத்தி நாலாவும்?"

"காலால வகுத்தா கூடும்."

"அதெல்லாம் நம்ம ஆட்டத்துல கெடையாது. நம்பரை ஒடைக்கக் கூடாது."

அப்படி ஒரு விதி இருந்ததில்லை. அந்த நிமிடம் நான் போட்டது. அவள், திங்கட்கிழமை போகாவிட்டால் அந்த வேலையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றாள். வியாழனும் வெள்ளியும் என்னோடு பேசவில்லை.

எனக்கு முந்திரிக் கொட்டகையில் பாக்கெட் கட்டுகிற வேலை. சனிக்கிழமை மதியம் ஒரு டின்னின் அடியில் கொஞ்சம் பருப்பு மிஞ்சியது. சூப்பர்வைசர் எடை போட்டுப் பார்த்து, ஆறு கிலோ இருக்கிறது, எல்லாவற்றையும் கால் கிலோவாகக் கட்டிவிடச் சொன்னார். கவர் கட்டைப் பிரித்து எண்ணி எடுத்து வைத்தேன். எதிரே இருந்தவள் எத்தனை கவர் என்று கேட்டாள்.

"இருபத்தி நாலு," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. ஆறு கிலோ, கால் கால் கிலோவாக, இருபத்து நான்கு. பத்து வருடமாக இதைத்தான் கட்டுகிறேன். ஒரு முறையும் தப்பாக எண்ணி எடுத்ததில்லை. இதற்குப் பெயர் வகுத்தல் என்று மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. சந்தேகத்துக்குத் தராசில் ஒரு கிலோ வைத்து, முக்கால் கிலோவை அள்ளி எடுத்தேன். கால் கிலோ நின்றது. எதிரே இருந்தவள், வெயில் தலைக்கேறிவிட்டதா, நிறுத்ததை ஏன் மறுபடி நிறுக்கிறாய் என்றாள். அரை மணியில் இருபத்து நான்கு பாக்கெட்டையும் கட்டி அடுக்கினேன். டின்னில் தூள்கூட மிஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அரிசிக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து மகளிடம் நீட்டினேன். பாக்கெட் கட்டிய கதையைச் சொன்னேன்.

"இதைத்தான நான் புதன்கெழமையே சொன்னேன்?"

"நீ சொன்ன. நான் கட்டிப் பாத்தேன்."

சாவியில் ஒட்டியிருந்த அரிசித் தவிட்டை அவள் துப்பட்டாவில் துடைத்தாள். உடனே நகராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் எதையோ நான் சொல்லாமல் வைத்திருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"லாரி பின்னாடி ஒட்டிப் போவாத. அவன் விட்டா முந்து, இல்லன்னா தள்ளிப் பின்னாலேயே போ. லேட்டானா ஆவட்டும்."

"இதை மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?" என்றாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு முன்பே கிளம்பிப் போனாள். நம்பர் சரியாகிவிட்டது, லாரிகள் அதே சாலையில்தான் ஓடுகின்றன. வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவள் போன் செய்கிறவரை அடுப்பைப் பற்ற வைக்காமல் நின்றேன். இப்போதும் அப்படித்தான். எங்கள் வீட்டில் காலைச் சோறு ஏழு மணிக்குப் பிறகுதான் உலையேறுகிறது.