ஈஸ்வரி அக்கா கிழித்த படுதா

போன ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்றில் உங்கள் பக்கம் என்ன போயிற்று? எங்கள் தெருவில் ஒரு முருங்கை மரமும், மூன்று வீட்டு டி.வி. ஆன்டெனாக்களும். நல்லவேளை, நான் ஊரில் இல்லை என்று சொல்ல முடியாது. அதைவிட மோசமான இடத்தில் இருந்தேன்.

சூலூருக்கு அப்பால், ஈஸ்வரி அக்காவின் தோட்டத்தில்.

ஈஸ்வரி அக்கா என் பெரியம்மா மகள். அவளும் பொன்னுச்சாமி மாமாவும் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு நீள ஷெட். மேலே தகரக் கூரை. பக்கவாட்டில் இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கம்பி வலை. கார்த்திகைக் குளிர் குஞ்சுகளுக்கு ஆகாது என்பதால் வலையை மூடிச் சாக்குப் படுதா கட்டியிருந்தார்கள். உள்ளே பல்புகளின் சூட்டில், வந்து சில நாட்களே ஆன குஞ்சுகள். தரை தெரியாமல் மஞ்சளாக...

வானொலியில் காலையிலேயே சொன்னார்கள் — வங்கக் கடலில் புயல், உள் மாவட்டங்களிலும் பலத்த காற்று வீசும் என்று. கேட்டோம். கேட்டுவிட்டு இட்லி சாப்பிட்டோம். புயல் என்றால் மெட்ராஸ்காரர்கள் சமாச்சாரம் என்று கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டல்லவா?

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது காற்று வந்தது. முதலில் தென்னை மட்டைகள் விழுந்தன. அப்புறம் ஷெட் பக்கமிருந்து ‘டமார்’ என்று ஒரு சத்தம். மாமா எச்சில் கையோடு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

படுதாவுக்குள் காற்று புகுந்து ஷெட்டே உப்பிப் போயிருந்தது. கூரை எழும்புவதும் விழுவதுமாக அடித்துக்கொண்டிருந்தது. கூரைக்கு மேலாகப் போட்டு இழுத்துக் கட்டியிருந்த வடக்கயிற்றின் முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மாமா பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். வலது கையில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

அடுத்த காற்றில் அவருடைய கால்கள் தரையை விட்டு எழும்பின. நல்ல கனமான மனிதர் அவர்!

“ஏனுங்க, உட்டுப்போடுங்க! கூரை போனாப் போவுதுங்க!” என்று அக்கா கத்தினாள்.

“போனாப் போவுதா? குஞ்செல்லாம் உள்ள கெடக்குது புள்ள! நீ ஊட்டுக்குள்ள போ!”

அவர் இடுப்பைப் பிடித்து இழுக்கலாம் என்று நான் முன்னால் போனேன். அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். “கிட்டப் போவாத கண்ணு. தகரம் பிச்சுட்டு வந்தாக் கழுத்துல எறங்கிப்போடும்.”

சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது கையில் கொடுவாள். கயிற்றை அறுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. படுதாவிடம் போனாள். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. அடுத்தது... அதற்கடுத்தது.

“அடியேய்! என்னடி பண்ற? குஞ்சு செத்துப்போயிரும்டி!” காற்றையும் மீறி மாமாவின் குரல் கேட்டது.

அக்கா நிற்கவில்லை. அந்தப் பக்கமும் போய்க் கிழித்தாள். ஒரு பக்கம் புகுந்த காற்று மறுபக்கம் வெளியேறியது. கூரை நடுங்கியது, ஆனால் எழும்பவில்லை. மாமாவின் கால்கள் தரைக்கு வந்தன. அக்கா கொடுவாளை எறிந்துவிட்டு வந்து, அவர் கையிலிருந்து கயிற்றைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து சதை தெரிந்தது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்த வாரம் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

கரண்ட் போயிற்று. காற்றோடு சாரலும் சேர்ந்து உள்ளே அடித்தது. குஞ்சுகள் ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. கூடை கூடையாக அள்ளி அடுப்படிக்குக் கொண்டுபோனோம். மாமா ஒற்றைக் கையால் அள்ளினார். பிழைத்தது கொஞ்சம்தான். காற்று ஓய்ந்தபின் அந்த மூலையைப் பார்த்தோம். அடியில் கிடந்தவை எல்லாம் நசுங்கி, மூச்சு முட்டிச் செத்திருந்தன. அக்கா அவற்றை வாரிப் போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் வைத்தாள். அழவும் இல்லை.

மாமா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்: “கூரை நின்னுதல்ல? நான் புடிச்சதுனாலதான் நின்னுது. இவ கிழிக்காம இருந்திருந்தாக் குஞ்சும் நின்னிருக்கும்.”

அவர் கால்கள் அந்தரத்தில் தொங்கியதை நான் பார்த்தேன். ஆனால் கூரை பறந்தே தீர்ந்திருக்கும் என்று யாரால் சத்தியம் செய்ய முடியும்? ஒருவேளை அவர் சொல்வதே சரியாக இருக்கலாம். கொடுமையே அதுதான். செத்த குஞ்சுகள் கண்ணெதிரே கிடக்கின்றன. நடக்காமல் போன சாவை எங்கேயிருந்து கொண்டுவந்து காட்டுவது?

ஒன்று மட்டும் சொல்கிறேன். காற்று தூக்குகிற எதையும் பிடித்து நிறுத்தப் போகாதீர்கள். தகரமோ, பந்தலோ, மொட்டை மாடி ஆன்டெனாவோ... போனால் போகட்டும். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கொள்ளாதீர்கள். காற்று இழுத்து இறுக்கிவிட்டால், நீங்கள் நினைத்தபோது அதை விட முடியாது.

நேற்று மறுபடி போயிருந்தேன். மாமாவின் கையில் பெரிய கட்டு. விரல்கள் பழையபடி மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்கிறாராம் டாக்டர். காலியான ஷெட்டைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்காவிடம் நேராகப் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துத் திட்டுகிறார். அவள் சோற்றைப் பிசைந்து, ஸ்பூன் போட்டு, பக்கத்தில் வைக்கிறாள். திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன். “இத்தனை பேச்சுக் கேட்கறது உங்களுக்குக் கஷ்டமா இல்லீங்களா அக்கா?”

அக்கா மாமா சாப்பிட்ட தட்டை எடுத்தாள். அப்புறம் சொன்னாள்:

“திட்டறதுக்கு ஆள் இருக்குதல்ல கண்ணு... அது போதும்.”