இவோன் அக்காவின் கத்திக்கு முன்னால் ஒரு கேக்

கார் முன் சீட்டில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்த பெண்டாட்டியைப் பார்த்த அன்றுதான் ரொஸேர் கேக் சுடுவது என்று முடிவெடுத்தான். அது போன வருஷம். உருளைக்கிழங்குத் தோண்டல் முடிந்ததும் அக்டோபரில் சர்ச் நிலவறையில் ஊருக்கே சாப்பாடு நடக்கும். உள்ளே இருநூறு பேர் தின்றுகொண்டிருந்தார்கள். கையுறை எடுக்க வெளியே வந்தவன் கண்ணில் இது பட்டது.

பெண்டாட்டி பெயர் ஜானின். முப்பது வருஷம் அந்தச் சாப்பாட்டுக்குக் கேக் கொண்டுவந்தவள். மூன்று வருஷத்துக்கு முன் குடல் கெட்டு, ஆள் துரும்பாகி, டாக்டர் கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒரு சிட்டிகை மாவு உள்ளே போனால் மூன்று நாள் படுக்கை. அவள் சுடுவதை விட்டாள். சாப்பாட்டு நாளில் மட்டும் தவறாமல் வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு, காருக்குப் போய் முட்டை தின்பாள்.

"இங்க ஏன் உக்காந்திருக்க?" என்றான் ரொஸேர்.

"உள்ள உக்காந்தா ஆளாளுக்கு இத ஒரு வாய் தின்னு, அத ஒரு வாய் தின்னுன்னு உயிரை வாங்குவாங்க. எத்தனை தடவைதான் வேண்டாம்னு சொல்றது."

அவன் கையுறையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ரொஸேர் கிழங்கு தோண்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா தெரிகிற ஊரில், அந்தப் படிப்பே தாராளம். அடுப்பில் காப்பியைத் தவிர எதையும் ஏற்றியதில்லை. இயந்திரம் கெட்டால் முதலில் எல்லாவற்றையும் கழற்றித் துடைக்கிறவன், சமையலறையிலும் அதையே செய்தான். மரக்கரண்டி, கீறல் விழுந்த தட்டு, பழைய சல்லடை எல்லாம் பெட்டியில் ஏறிக் கொட்டகைக்குப் போயின. மரத்துக்குள்ளும் கீறலுக்குள்ளும் பழைய கோதுமை மாவு உட்கார்ந்திருக்கும் என்று டாக்டர் கொடுத்த தாளில் இருந்தது.

மாவுக்கு அவன் பக்வீட்டைப் பிடித்தான். கோதுமையோடு ஒட்டோ உறவோ இல்லாத கருந்தானியம். அந்தப் பள்ளத்தாக்கில் எல்லார் வீட்டிலும் அதில் தோசை மாதிரி வார்த்துத் தின்பார்கள். ஆனால் ஊர் ஆலையில் கோதுமையும் அதே கல்லில்தான் அரைபடும். ரொஸேர் தானியமாகவே வாங்கி, கல் பொறுக்கி, வீட்டிலேயே அரைத்தான். கூடக் கொஞ்சம் கிழங்கு மாவு. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். பூசணியை வேகவைத்து மசித்துப் போட்டான், முட்டை, பட்டை, இஞ்சி, பழுப்புச் சர்க்கரை.

முதல் கேக் நடுவில் குழி விழுந்தது. இரண்டாவது மணல் மாதிரி நறநறத்தது. மூன்றாவதை, கூட வேலை செய்யும் கமீல் வாயில் போட்டு மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

"எப்படி இருக்கு?"

"லாரி பின்னால உருளாம இருக்க டயருக்கு முட்டுக் கொடுக்கலாம்."

"தின்னாம துப்பித் தொலை."

ஜானின் ஓரமாக நின்று பார்ப்பாள். சொல்லிக்கொடுக்க வாயெடுப்பாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிவிடுவாள். ஒன்பதாவது தடவை, கலக்கி வைத்த மாவை அப்படியே விட்டுவிட்டு பம்ப் சரிசெய்யப் போனவன் அரைமணி கழித்து வந்து சுட்டான். மாவு ஊறியிருந்ததால் நறநறப்பு போயிருந்தது. ஜானின் அடுப்படியிலேயே நின்று இரண்டு துண்டு தின்றாள்.

"இதையே சாப்பாட்டு அன்னிக்கு மேஜையில உக்காந்து தின்னணும் நீ," என்றான்.

சாப்பாட்டு நாள் வந்தது. பலகார மேஜைக்கு அதிகாரி இவோன், ரொஸேரின் பெரியப்பா மகள். வருகிற கேக் எல்லாவற்றையும் கூட்டம் வருமுன் அவளே ஒரே கத்தியால் வெட்டித் தட்டில் அடுக்கிவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வழக்கம்.

"இவோன் அக்கா, இது ஜானினுக்கு. கோதுமை கிடையாது, பால் கிடையாது. பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு நாற்காலி இறக்கப் போனான் ரொஸேர்.

இவோன் நன்றாகவே பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது கேக்கின் நல்ல மூலைத்துண்டு தனித் தட்டில் இருந்தது. தலையில் ஒரு குவியல் பால் கிரீம். பக்கத்தில் கத்தி, அதன் முனையில் யாரோ கொண்டுவந்த கோதுமைக் கேக்கின் துகள். மிச்சக் கேக்கும் பன்னிரண்டு துண்டாகியிருந்தது.

"அவளுக்குன்னு பெரிய துண்டா எடுத்து வச்சிட்டேன்டா," என்றாள் இவோன்.

ரொஸேர் தட்டையே பார்த்தான். "இதே கத்தியாலயா வெட்டின?"

"துடைச்சிட்டுத்தான் வெட்டினேன். நான் என்ன அழுக்குப் பிடிச்சவளா?"

"துடைச்சாப் போகாதுக்கா. அவளால இத இனி தொட முடியாது."

இவோன் முகம் தொங்கிவிட்டது. சத்தம் கேட்டு ஜானின் ஈரக்கையோடு வந்தாள். நிலைமை புரிந்ததும், "விடு, முட்டை கொண்டாந்திருக்கேன்," என்றாள்.

அவன் சாவியை எடுத்தான்.

"எங்க போற?"

"வீட்டுக்கு."

"எதுக்கு?"

"அடுப்பு அங்கதான இருக்கு."

நாலு மைல். அடுப்பைச் சூடேற்றிவிட்டு ஆப்பிள்களை வெட்டிப் பாத்திரத்தில் பரப்பினான். பக்வீட் மாவையும் சர்க்கரையையும் பட்டைப்பொடியையும் பன்றிக்கொழுப்பு விட்டு விரலால் உதிர்த்து மேலே தூவினான். நாற்பது நிமிஷம் அடுப்புக்கு முன்னாலேயே கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான். சாப்பாடு ஆறரைக்கு முடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். முடிந்தால் முடியட்டும்.

அவன் திரும்பியபோது மணி ஏழை நெருங்கியிருந்தது. கூட்டம் போய்விட்டது, கமீல் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு மேஜையை மட்டும் மடக்க விடாமல் இவோன் பிடித்து வைத்திருந்தாள். அதைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். மேலே புதுக் காகிதத் தட்டுக் கட்டு, உறை பிரிக்காத பிளாஸ்டிக் கரண்டிகள்.

"நான் எதையும் பிரிக்கல. நீயே பிரி," என்றாள் அவனிடம்.

பாத்திரத்திலிருந்து ஆவி பறந்தது. கமீல் கிட்டே வந்து மூக்கை நீட்டினான்.

"கிட்ட வராத," என்றான் ரொஸேர். "முதல்ல அவ. அவ போதும்னு சொன்னப்புறம்தான் மத்தவங்க கை வைக்கணும்."

"ஆறிடப்போகுதுய்யா."

"ஆறினா ஆறட்டும்."

ஜானின் ஏப்ரனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். அவன் கரண்டி உறையைப் பிரித்துப் பரிமாறினான். அவள் ஊதி ஊதி ஒரு வாய் தின்றாள். பிறகு இன்னொன்று. இவோன் எதிரே உட்கார்ந்து பாலில்லாத காப்பியை ஊற்றிக்கொண்டாள்.

"பட்டை ஜாஸ்தி," என்றாள் ஜானின்.

"அவசரம்."

"இன்னும் கொஞ்சம் போடு."

அவன் போட்டான். பசித்த வயிற்றோடு கமீல் நின்றுகொண்டே இருந்தான்.